பொருள்: 'ரிபவுண்ட்': மீளெழுச்சியா, வேறு சொல்லா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பீட்டா தடுப்பி, ஏற்பி, பக்கவிளைவு எல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டன. இதய நோயாளர் கையேட்டில் இன்னும் தமிழ் கிடைக்காமல் நிற்பது 'ரிபவுண்ட்' ஒன்றுதான். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் பீட்டா தடுப்பிகளான மெட்டோப்ரோலால், அட்டினோலால், ப்ரோப்ரனோலால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறுமே, அது. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை கொண்டுபோய் விடும். 'மீளெழுச்சி' என்று முன்மொழிகிறேன்.

தைப்பூசத்துக்குள் சொல் முடிவானால் நல்லது. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களில் இந்த மாத்திரைக்காரர்களும் உண்டு. "மாத்திரை போட்டா கால் ஓயுது" என்று நடைக்கு முன்னால் நிறுத்தினால் அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. நிறுத்திய பிறகு வரும் நாள்கள் உடலுழைப்பைக் குறைக்க வேண்டிய நாள்கள்.

மருந்தாளுநர், காரைக்குடி

---

ஐயா, வணக்கம்.

'எழுச்சி' தமிழில் மங்கலச் சொல். திருப்பள்ளியெழுச்சி பாடுகிறோம். ஓய்ந்து கிடப்பவரிடம் "நிறுத்தினால் மீளெழுச்சி வரும்" என்றால், தெம்பு திரும்பும் என்றே எடுத்துக்கொள்வார். எச்சரிக்கை அழைப்பாகிவிடும்.

'மீள்' என்பதிலும் ஐயம். பழைய நோய் பழைய அளவுக்குத் திரும்புவதா, அதற்கு மேலே போவதா? மேலே போவதென்றால் 'மீள்' பொருந்தாது. 'வித்டிராயல்' என்பதற்குச் சொல்லும் 'விலகல் அறிகுறி' வேண்டவே வேண்டாம். அதில் குடி, போதை வாடை ஒட்டியிருக்கிறது.

தமிழாசிரியர், தேவகோட்டை

---

அம்மா, மேலேதான் போகும். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் அட்ரினலின் என்ற சுரப்பு வந்து உட்காரும் ஏற்பிகளை மருந்து அடைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் அடைபட்டால் உடல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். வளவு வீட்டின் முகப்பு வாசலைப் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பவர்கள் பக்கத்தில் இன்னும் நாலு வாசல் வெட்டியது போல. மருந்து போனதும் பூட்டும் போகிறது. அட்ரினலின் பழைய வாசல், புது வாசல் எல்லாவற்றிலும் நுழைகிறது. கூடுதல் ஏற்பிகள் குறையும்வரை, சில நாள் முதல் ஓரிரு வாரம், ஆபத்து இருக்கும்.

உங்கள் இரண்டு மறுப்பும் சரி. 'மீளெழுச்சி'யைக் கைவிடுகிறேன்.

---

அப்படியானால் மக்கள் வாயிலிருந்தே எடுப்போம். "பிரஷர் எகிறிருச்சு" என்பதை நம் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். எகிறுதல் அளவு மீறுவது; நல்லதாக ஒருவரும் எடுக்க மாட்டார்கள். நிறுத்தெகிறல்: நிறுத்து + எகிறல். காரணம் முன்னே, விளைவு பின்னே. ரத்த அழுத்த மருந்தான குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் எகிறுவதற்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தினால் அமிலம் எகிறுவதற்கும் இதே சொல் செல்லும்.

கொச்சை என்பார்கள். கையேட்டைப் படிக்கப்போவது நோயாளி. அவருக்குப் புரிவதே எனக்கு முதல் தகுதி.

---

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். 'நிறுத்தெகிறல்' எனக்குச் சம்மதம். ஆனால் "நிறுத்தாதே" என்று மட்டும் சொல்லும் கையேடு வேலைக்கு ஆகாது. கூடவே 'படியிறக்கம்' என்ற சொல்லும் வேண்டும்: மருத்துவர் எழுதித் தரும் அட்டவணைப்படி, பொதுவாக 1 முதல் 2 வாரத்தில், அளவைப் படிப்படியாகக் குறைப்பது. மேலும், நிறுத்தத் தூண்டுவதே பக்கவிளைவுதான். அதற்கு வழி சொல்லியாக வேண்டும்.

அசதி பலருக்குச் சில வாரத்தில் தணியும். தணியாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்ற மருத்துவரிடம் கேட்கலாம். கெட்ட கனவு, தூக்கக் கேடு கொழுப்பில் கரையும் ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலாலில் கூடுதல். அட்டினோலால் மூளைக்குள் குறைவாகவே போகும், ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு பீட்டா தடுப்பியான கார்விடிலாலை வெறும் வயிற்றில் போட்டால் எழும்போது தலை சுற்றும். சாப்பாட்டோடு போட வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். நம் வீடுகளின் உயர்ந்த திண்ணைப் படியில் இது இன்னும் முக்கியம். கை கால் சில்லிட்டால் ஆத்தங்குடி கல் பாவிய தரையில் விடியற்காலையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம், காலுறை போதும். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது; ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

நடைக்காரர்களுக்குத் தனியாக: மாத்திரை நாடியை ஏறவிடாததால் அதை வைத்து உழைப்பை அளக்க முடியாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே அளவு. விரதமும் சர்க்கரை மருந்தும் சேர்ந்தால் பெரிய ஆபத்து: சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும். நடை நாள்களுக்கு மேல் 5 நாள் மாத்திரை கூடுதலாகப் பையில் இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட வேண்டும், இரண்டாகப் போடக் கூடாது. ஓய்வில் நாடி 50க்குக் கீழே போய்த் தலை சுற்றினால் அன்றே மருத்துவர். மூச்சில் விசில் சத்தம், மயக்கம், நெஞ்சுவலி என்றால் 108.

செவிலியர், கண்டனூர்

---

செவிலியர் எழுதியது அப்படியே கையேட்டுக்குப் போகட்டும். சொற்பட்டியலுக்கு என் வரைவு:

நிறுத்தெகிறல் – மருந்தைத் திடீரென நிறுத்துவதால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவை மருந்துக்கு முன்பிருந்த அளவையும் மீறி ஏறுதல். தடுக்கும் வழி: படியிறக்கம்.

மாத்திரை உறையில் ஒட்டும் சீட்டுக்கு: "நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எகிறும்." மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்; அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

மருந்தாளுநர், காரைக்குடி