30 நாள் கெடுவில் கருணை மனு: 472-வது பிரிவு நியாயமா?

கரிசல்காட்டான்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது பி.என்.எஸ்.எஸ். சட்டம். தூக்குக் கைதிகளின் கருணை மனுவுக்குக் கெடு விதிக்கும் அதன் 472-வது பிரிவைத் தூக்குத் தண்டனை எதிர்ப்பாளர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். நான் அதை வரவேற்கிறேன். டெல்லி நிர்பயா கூட்டுப் பாலியல் வன்கொலை வழக்கில் நால்வருக்கு 2017 மே மாதமே உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்துவிட்டது. பிறகு 2020-ல் நான்கு தேதி குறித்தார்கள்: ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3, மார்ச் 20. நால்வரில் ஒருவர் மனு தள்ளுபடியானால் அடுத்தவர் மனு போடுவார். ஒவ்வொரு தேதியும் தள்ளிப்போனபோது நிர்பயாவைப் பெற்ற தாய் பட்ட பாட்டை நாடே பார்த்தது. இப்போது 30 நாளில் மனு கொடுக்க வேண்டும். ஒரே வழக்கில் பலர் இருந்தால் எல்லோர் மனுவும் 60 நாளுக்குள் வந்து சேர வேண்டும், சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

நெய்தல்

நிர்பயா வழக்கில் நால்வரையும் சேர்த்துத்தான் தூக்கிலிட வேண்டும் என்று ஏன் சொன்னார்கள்? அது வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கு, தூக்கு விதிக்கப்பட்டவர்கள் மூன்று பேர், மூவருக்கும் ஒரே சாட்சியம். ஒருவருக்கு 1977-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. இன்னொருவரின் மனு தள்ளுபடியாகி 1981 அக்டோபர் 6-ல் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் சாகவேண்டிய மூன்றாமவர் ரிட் மனு போட்டதால் பிழைத்தார். அதைப் பார்த்துப் பதறித்தான் 1982-ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது: தூக்கிலிடும் முன் உடன் தண்டிக்கப்பட்டவர் யாருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளரே விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்று. நீங்கள் சொல்லும் தாமதத்துக்குள் ஒரு பிணம் கிடக்கிறது, நண்பரே.

கரிசல்காட்டான்

ஏற்கிறேன். மனுக்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தானே? ராஜீவ் காந்தி கொலை வழக்குக்கு வாருங்கள். 2000-ல் கொடுத்த கருணை மனு 2011 ஆகஸ்ட்டில்தான் நிராகரிக்கப்பட்டது. தாமதம் செய்தது அரசு, பலன் கைதிகளுக்கு. 2014 பிப்ரவரி 18-ல் தூக்கை ஆயுளாகக் குறைத்ததும் தாமதத்தைக் காரணம் காட்டித்தான். அவர்கள் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் செத்த போலீஸ்காரர்களின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? இனி மாநிலத்தின் கருத்து வந்த 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரை அனுப்பியாக வேண்டும். இது கைதிக்கும் நல்லதுதான்.

நெய்தல்

பிரிவை முழுசாகப் படியுங்கள். கைதிக்குக் கெடு, சிறைக்குக் கெடு, உள்துறைக்குக் கெடு. குடியரசுத் தலைவருக்குக் கெடு எங்கே? இல்லை. ஆளுநருக்கும் இல்லை. கோப்பு அங்கே 11 வருஷம் தூங்கினாலும் இந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது. அவசரம் முழுவதும் கைதியின் தலையில்தான் விடிகிறது.

தாமதத்தால் தப்பினார்கள் என்றீர்களே, ராஜீவ் வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. எதற்கென்று தெரிந்தே வாங்கினார் என்பதற்குத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவான வாக்குமூலம்தான் ஆதாரம். எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே பின்னர் ஒப்புக்கொண்டார். எப்போது? 2013-ல். தூக்குக்குக் குறித்த நாள் 2011 செப்டம்பர் 9. ஆகஸ்ட் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த அதிகாரியின் மனசாட்சி யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

தாமிரபரணி

30 நாளில் என்னதான் செய்ய முடியும் என்பதைச் சொல்கிறேன், இரண்டு தரப்புக்கும் உதவும்.

கெடு தீர்ப்பு நாளிலிருந்து ஓடுவதில்லை. உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியான தகவலைக் கண்காணிப்பாளர் கைதிக்குச் சொல்லும் நாளிலிருந்து ஓடுகிறது. அதனால் முதல் வேலை, அந்தத் தகவலைத் தேதியோடு எழுத்தில் கேட்டு வாங்குவது. மனு முதலில் ஆளுநருக்கு (அரசியலமைப்பின் 161-வது உறுப்பு). அங்கே நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு (72-வது உறுப்பு). மனு கொடுப்பவர்களாகப் பிரிவு சொல்வது கைதி, வாரிசு, உறவினர் ஆகியோரை மட்டும்தான். அமைப்புகளைச் சொல்லவில்லை. வீட்டார் கைகழுவிய கைதி என்றால், இலவச சட்ட உதவி வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே சிறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் மேல்முறையீட்டின் நகலாக இருப்பதால் வீணாகின்றன. சாட்சியத்தைக் குடியரசுத் தலைவர் தாமே எடைபோட்டு, நீதிமன்றத்துக்கு மாறான முடிவுக்கும் வரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் கேஹர் சிங் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே சாட்சியத்தைத் தொடலாம். ஆனால் கோப்பைப் புரட்டும் உள்துறை அதிகாரி தேடுவது வேறு. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததா? மேல் நீதிமன்றம்தான் தண்டனையைக் கூட்டியதா? சாட்சியத்தின் மேல் சந்தேகம் எழுப்பப்பட்டதா? புதிய ஆதாரம் உண்டா? கும்பலில் இவர் பங்கு எவ்வளவு? இவற்றுக்கு முதல் இரண்டு பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். பாலாறு குண்டுவெடிப்பு வழக்கின் நால்வருக்கு மைசூர் தடா நீதிமன்றம் கொடுத்தது ஆயுள். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போன உச்ச நீதிமன்றத்தில் 2004-ல் அது தூக்கானது. இப்படிப்பட்ட விஷயம் 17-ஆம் பக்கத்தில் இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இணைக்க வேண்டியவை: சிறை நடத்தை அறிக்கை, மனநல மருத்துவக் குறிப்பு, தனிமைச் சிறையில் வைத்த நாட்களின் கணக்கு, வயதுச் சான்று. கடைசியாகச் சொன்னதைத்தான் அசட்டையாக விடுகிறார்கள். புணேயில் 1994-ல் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர். 2000-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயரே வேறாக இருந்தது. அந்தப் பதிவை ஏற்று 2023 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது: சம்பவத்தின்போது வயது 12 வருஷம் 6 மாதம். 28 வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்தபின் விடுதலை. அந்தப் பதிவேட்டை 30 நாளில் யார் தேடிப் பிடிப்பது?

கரிசல்காட்டான்

புணே விஷயம் மனசைப் பிசைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது விசாரணையின் கோளாறு. கெடுவைத் தளர்த்துவது அதற்கு மருந்தல்ல, முதல் நாளிலேயே வயதைச் சரிபார்ப்பதுதான் மருந்து.

கருணை அதிகாரத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆந்திராவில் ஓர் எம்.எல்.ஏ.வின் கணவருக்கு ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். ஆளுங்கட்சிக்காரர் என்பது கோப்பிலேயே இருந்தது. ஏழைக்கு மட்டுமா இந்தக் கதவு திறக்கிறது?

நெய்தல்

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். எப்புரு சுதாகர் வழக்கு, 2006. அந்தக் குறைப்பை ரத்து செய்தது யார்? உச்ச நீதிமன்றம். இப்போது 472-இன் 7-வது உட்பிரிவு என்ன சொல்கிறது? ஆளுநரோ குடியரசுத் தலைவரோ எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. நீங்கள் குறைசொல்லும் முறைகேட்டைப் பிடித்த கையையே இது கட்டிப்போடுகிறது. 1999 அக்டோபரில் தமிழக ஆளுநர் அமைச்சரவையைக் கேட்காமலே ராஜீவ் வழக்கின் நால்வர் மனுவை நிராகரித்ததையும் நீதிமன்றம்தான் ரத்து செய்தது. அந்த நால்வரில் ஒருவரான நளினிக்கு 2000-ல் தண்டனை குறைந்தது அதற்குப் பிறகுதான்.

கரிசல்காட்டான்

7-வது உட்பிரிவை நானும் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் சாதாரணச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ரிட் அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 32, 226-வது உறுப்புகளைப் பூட்டிவிட முடியாது. ரிட் போட வழி இருக்கிறது.

தாமிரபரணி

வழி இருக்கிறது, நேரம்தான் கேள்வி. உச்ச நீதிமன்றத்தின் சத்ருகன் சவுகான் தீர்ப்பு (2014 ஜனவரி 21) கருணை மனு நிராகரிப்புத் தகவலுக்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது 14 நாள் கேட்கிறது. குடும்பத்துக்கும் தகவல் போக வேண்டும், கடைசியாகப் பார்க்கவும் விட வேண்டும் என்கிறது. காரணம், அதற்கு முந்தைய வருஷம் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அப்சல் குருவை பிப்ரவரி 9-ல் தூக்கிலிட்டார்கள். அவர் மனைவிக்குப் போட்ட விரைவுத் தபால் காஷ்மீர் போய்ச் சேர்ந்தது 11-ல். 472-ன்படி குடியரசுத் தலைவரின் முடிவை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது மாநில உள்துறைக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும். குடும்பத்துக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

கரிசல்காட்டான்

கொலையுண்டவரின் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை இல்லை. திருத்தம் கேட்டு எழுதுவதாக இருந்தால் இரண்டு வீட்டுக்கும் கடிதம் போக வேண்டும் என்று எழுதுங்கள். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு வேண்டாம் என்ற மனுவில் அல்ல.