எம்.எஸ்.டபிள்யூ. ஃபீல்டு ஒர்க் இருக்கும்போது சேவைக் கற்றலை எங்கே, எப்படிச் சேர்ப்பது?

வகுப்பும்களமும் கேட்டது:

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாமாண்டு, 40 மாணவர்கள். வியாழன், வெள்ளி ஃபீல்டு ஒர்க், வாரத்துக்கு 15 மணி நேரம். ஜூலையில் தொடங்கும் முதல் செமஸ்டரில் சமூக ஈடுபாடு என்று 2 கிரெடிட் பாடம் ஒன்று புதிதாக வருகிறது. அதைச் சேவைக் கற்றலாக, அதாவது ஊருக்கு வேலை செய்தபடியே பாடம் கற்பதாக, நடத்த வேண்டும் என்பது போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) முடிவு.

சந்தேகம் மூன்று. ஃபீல்டு ஒர்க்கே களத்தில்தானே நடக்கிறது, இது தனியாக எதற்கு? அதே மணி நேரத்தை இரண்டு பாடத்துக்கும் காட்டலாமா? மரக்கன்று, பேரணி, குரூப் போட்டோ என்று முடிந்துவிடாமல் இருக்க என்ன வழி? கல்லூரியிலிருந்து 12 கிலோமீட்டரில் ஒரு ஊராட்சி இருக்கிறது, மூன்று குக்கிராமங்கள். தலைவர் சம்மதித்திருக்கிறார். வாரவாரியாகத் திட்டம் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வியாழன்வெள்ளி:

முதல் சந்தேகத்துக்கு: ஃபீல்டு ஒர்க்கில் மாணவர் ஒரு ஏஜென்சிக்குள் (சேவை நிறுவனம்) போகிறார். அங்கே கணக்கு அவருடைய திறமை: கேஸ் ஒர்க் (தனிநபருக்கு உதவுவது) இத்தனை, குரூப் ஒர்க் ஒன்று, ரிப்போர்ட் இத்தனை பக்கம். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அப்படியே தலைகீழ். ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், சேவை நடந்ததா என்பதே கேள்வி. சேவைக் கற்றலில் இரண்டையும் காட்டியாக வேண்டும். ஊர் கேட்ட வேலை ஒன்று முடிந்திருக்க வேண்டும். அந்த வேலை சிலபஸில் இருக்கும் ஏதாவது ஒன்றை மாணவருக்குப் புரியவைத்திருக்கவும் வேண்டும். மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை.

மணி நேரத்தை இரண்டு இடத்தில் காட்டாதீர்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கிரெடிட் கணக்கில் களப்பணி, சமூக ஈடுபாடு வகைக்கு 1 கிரெடிட் என்றால் 15 வார செமஸ்டரில் 30 மணி நேரம். உங்களுக்கு 60. இப்படிப் பிரிக்கலாம்: முதல் வாரம் வகுப்பில் 2 மணி நேரம், 2 முதல் 13-ஆம் வாரம் வரை வாரம் 4 மணி நேரம் களம் (48), இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 மணி நேரக் கலந்துரையாடல் ஆறு, கடைசியில் ஊரில் அறிக்கை சொல்ல 4. பயண நேரம் இதில் சேராது. வருகைப் பதிவு ஃபீல்டு ஒர்க் பதிவேட்டில் வேண்டாம், தனி நோட்டு போடுங்கள்.

களத்துக்குள்:
2–4 வாரம்: எந்த வேலையும் செய்யக்கூடாது. தெருத்தெருவாக நடப்பது, சமூக வரைபடம் (ஊர்க்காரர்களே கோலப்பொடியால் தரையில் வரைவது), பருவகால அட்டவணை, சப்பாத்தி வரைபடம் (எந்த அமைப்பு ஊருக்கு எவ்வளவு முக்கியம், எவ்வளவு நெருக்கம் என்று வட்டங்களால் காட்டுவது). கேள்வித்தாள் அறவே வேண்டாம்.
5-ஆம் வாரம்: மகளிர் குழுக் கூட்டமைப்பு, ஊராட்சி, இளைஞர்கள் ஆகியோரோடு உட்கார்ந்து ஒரே ஒரு வேலையைத் தேர்வு செய்வது. ஒரு பக்க உடன்பாடு எழுதிக் கையெழுத்து வாங்குவது.
6–11: வேலை.
12–13: ஒப்படைப்பு.
ஜூலை முதல் வாரம் தொடங்கினால் 14-ஆம் வாரம் அக்டோபர் 2-ஐ ஒட்டி வரும். அன்று கிராம சபை. அறிக்கையை அங்கேயே சொல்லலாம். தலைவரிடம் பல நாள் முன்பே எழுத்தில் கொடுத்தால்தான் பொருள் பட்டியலில் ஏறும். கடைசி நேரத்தில் போய் மைக் கேட்டால் கிடைக்காது.

நிறுவனப்பக்கம்:

மேலே சொன்ன 2–4 வாரத்தில்தான் பெரும்பாலான துறைகள் கோட்டை விடுகின்றன. 40 பேரும் ஒரே நாளில் ஒரே ஊராட்சியில் இறங்கினால் அது திருவிழாக் கூட்டம். 20 பேரை அங்கே வையுங்கள், மீதி 20 பேருக்குப் பக்கத்து நகராட்சியில் ஒரு வார்டு பாருங்கள். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி பல கல்லூரிகள் வந்துபோகும் இடம் என்றால், போன ஆண்டு யார் வந்தார்கள், என்ன எடுத்துப் போனார்கள், என்ன திருப்பிக் கொடுத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 'மறுபடியும் சர்வேயா?' என்று கேட்டுக் கதவைச் சாத்துவதற்குக் காரணம் அங்கே கிடைக்கும்.

நேரம். காலை 10 முதல் 4 என்பது கல்லூரிக்கு வசதி, ஊருக்கு இல்லை. நூறு நாள் வேலை, கூலி வேலை என்று அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் 'இந்த ஊரில் முதியோர் பிரச்சினைதான் பெரிது' என்று அறிக்கை வரும். மாலை 3.30 முதல் 7.30 சரிப்படும். ஹாஸ்டல் மாணவிகளுக்கு வார்டன் அனுமதி, கடைசி பஸ் நேரம், ஊரில் ஒரு தொடர்பு ஆள் ஆகிய மூன்றையும் முதல் வாரமே முடித்து வையுங்கள். யாரும் தனியாகப் போகக்கூடாது.

இடம். சமூக வரைபடத்தை ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வரைந்தால் காலனியிலிருந்து ஆள் வராது. வந்தாலும் ஓரமாக நிற்பார்கள், கோலப்பொடியைக் கையில் எடுக்க மாட்டார்கள். அந்த வரைபடத்தில் காலனி ஒரு சின்னக் கட்டமாகவோ இல்லாமலேயோ போய்விடும். அதனால் ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று எனத் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, தெருக்குழாய், மயானப் பாதை, ரேஷன் கடை எந்தப் படத்தில் எங்கே விழுந்திருக்கின்றன என்று வகுப்பில் பாருங்கள். சமூக அமைப்பாக்கம் பாடத்துக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

அனுமதிக் கடிதம்: ஊராட்சித் தலைவருக்கு மட்டும் போதாது, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் போக வேண்டும். பள்ளிக்குள் போவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி, குழந்தைகள் இல்லம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள்.

குறிப்பேடு:

வேலைத் தேர்வு பற்றி. 'மதுவை ஒழிப்பது', 'குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது' போன்றவை ஆறு வாரத்தில் முடியாது. முடியக்கூடியதற்கு ஒரு உதாரணம்: முதியோர், ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள். 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த தொகை, சின்ன விஷயமில்லை.

மாணவர் முதலில் கற்க வேண்டியது வாக்குறுதி கொடுக்காமல் இருப்பது. 'பென்ஷன் வாங்கித் தருகிறோம்' என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் ஏற்றி ஒப்புகைச் சீட்டு கையில் வரும்வரை கூட இருப்போம் என்பதுதான் உடன்பாட்டில் எழுத வேண்டியது. அதற்குப் பிறகு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று போகும் விசாரணை உங்கள் கையில் இல்லை.

வழக்கமாக எங்கே நிற்கும்? ஆதாரில் ஒரு பெயர், ஸ்மார்ட் கார்டில் (ரேஷன் அட்டை) வேறு இனிஷியல். வயது ஆதாரில் குறைந்திருக்கும். வங்கிக் கணக்கு நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருக்கும். தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய அலுவலகம் வேறு. அதனால் ஒரு 80 பக்க நோட்டில் ஆறு கட்டம் போதும்: பெயர், தெரு, எந்தச் சான்று இல்லை, அடுத்து எங்கே போக வேண்டும், யார் கூட்டிப் போவது, தேதி. மாணவர்கள் கிளம்பும்போது அந்த நோட்டு மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்காளரிடம் போக வேண்டும். 10-ஆம் வாரத்திலிருந்தே அவர்தான் அதில் எழுத வேண்டும், மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒப்படைப்பு என்பது கடைசி நாள் பொன்னாடை இல்லை.

ஆதார் நகலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை முதல் வகுப்பிலேயே தடை செய்யுங்கள். தேவையான நகல் சம்பந்தப்பட்டவர் கையிலேயே இருக்கட்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதுவும் அறிக்கையில் வரக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 23. களத்தில் குழந்தை மீதான பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் 'ஊர் விஷயம்' என்று விடவும் முடியாது. போக்சோ பிரிவு 19-ன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். யார் சொல்வது, முதலில் எந்த ஆசிரியரைக் கூப்பிடுவது என்பதை உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வியாழன்வெள்ளி:

மதிப்பெண்ணுக்கு என் பிரிப்பு: சிந்தனைக் குறிப்பு 30, ஒப்படைப்பு 25, வைவா (வாய்மொழித் தேர்வு) 20, ஊர்க் கருத்து 15, ஊரில் அறிக்கை சொல்வது 10. வருகைக்கு மதிப்பெண் கிடையாது, அது தகுதி மட்டும்.

'இன்று முதியோரைச் சந்தித்தோம், நல்ல அனுபவமாக இருந்தது' என்ற வரிக்குச் சுழியம் போடத் தயங்காதீர்கள். 'பாட்டி எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து படிவம் நிரப்பினோம்' என்று எழுதியிருந்தால் அதுதான் தொடக்கம். நடந்தது என்ன, ஏன் அப்படி நடந்தது, அடுத்த வாரம் எதை மாற்றுவாய் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வர வேண்டும். ஒரு பக்கம் போதும். அன்றிரவே எழுத வேண்டும். வாரக் கடைசியில் எழுதினால் ஐந்து பேர் குறிப்பும் ஒரே மாதிரி இருக்கும்.

நிறுவனப்பக்கம்:

ஊர்க் கருத்துக்கு 15 மதிப்பெண் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'பிள்ளைங்க நல்லா பண்ணுச்சு' என்று எல்லோருக்கும் முழு மதிப்பெண் வரும். கல்லூரியோடு சண்டை எதற்கு என்ற எண்ணம் வேறு. மதிப்பெண் கேட்காமல் கணக்காளரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: நோட்டில் எத்தனை பெயர், எத்தனை பேருக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, மீதிப் பேருக்கு அடுத்த வேலை எது என்று உங்களுக்குத் தெரியுமா. மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் ஒப்படைப்பின் 25-இல் கைவையுங்கள்.

வகுப்பும்களமும்:

நன்றி. இன்னும் ஒன்று. ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் வேலை செய்து ஐந்து பேரும் கையெழுத்துப் போடுவதை எப்படித் தடுப்பது?

குறிப்பேடு:

குழு ஐந்து, ஆனால் களத்தில் வேலை இரண்டிரண்டு பேராக. ஐந்தாமவர் அன்றைய ஒருங்கிணைப்பாளர்: நோட்டு, நேரம், ஆசிரியருக்குப் போன். இந்தப் பொறுப்பு வாராவாரம் மாற வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நோட்டில் ஒரு மாணவர் பெயர் மட்டும் இருக்கட்டும். வைவாவில் அந்தப் பெயரைத் திறந்து, 'இவருக்கு எந்தச் சான்று நின்றது, எந்த அலுவலகம் போனீர்கள், என்ன சொன்னார்கள்' என்று கேளுங்கள். போகாதவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். இதை 5-ஆம் வாரமே சொல்லிவைத்துவிடுங்கள் மேடம், பாதிப் பேர் தானாகவே ஒழுங்காக வருவார்கள்.