புதுப்பிப்பு: எங்கள் பியர்டட் டிராகன் மறுபடி சாப்பிடுகிறான்

மூன்று வாரம் முன்பு, எங்கள் பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) சாப்பிடாமல் இருட்டு மூலையிலேயே கிடக்கிறான் என்று எழுதியிருந்தேன். "முதலில் சூட்டைப் பாருங்கள்" என்றவர்களுக்குக் கோடி நன்றி. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 40 டிகிரி காட்டியது; இன்ஃப்ராரெட் கன்னால் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி), விளக்குக்கு அடியில் அவன் காயும் கல்லின் மேல் அளந்தால் வெறும் 31! அடியில் செங்கல் வைத்துக் கல்லை விளக்குக்குப் பக்கமாக உயர்த்தினேன், 40 வந்துவிட்டது. குளிர்ந்த பக்கம் 25.

சின்ன யுவிபி (புற ஊதாக் கதிர்) பல்புக்குப் பதில் நீளமான டி5 டியூப் (மெல்லிய குழல் விளக்கு) போட்டாச்சு. வெளிச்சம் குறையாவிட்டாலும் நாளாக ஆக யுவிபி குறைந்துவிடும் என்பதால், மாட்டிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மலப் பரிசோதனையில் ஒட்டுண்ணி எதுவும் இல்லை.

நேற்று காலை கல்லில் ஏறி, உடம்பைத் தட்டையாக்கி, வாயை லேசாகத் திறந்தபடி காய்ந்தான். பிறகு கால்சியம் பொடி தூவிய ஆறு கரப்பான்களை மளமளவென்று விழுங்கினான். கண் கலங்கிவிட்டது.