ரத்தத்தில் கனிமமா, தாதுவா, உப்பா?

பாலக்கோட்டிலிருந்து:
வணக்கம். கண் முகாமுக்கு ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறைந்திருப்பது பற்றி ஒரு பத்தி. அதில் 'சீரம் மினரல் லெவல்'தான் உதைக்கிறது (சீரம் என்றால் ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் நீர்). 'ரத்தக் கனிம அளவு' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ரத்தத்துல எதுக்குடா குவாரி?" என்றார். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஊத்தங்கரை தமிழாசிரியர்:
அம்மா சொன்னது சரி. இந்தப் பக்கம் கனிமம் என்றால் கிரானைட், லாரி. 'தாதுப்பு' என்று போடுங்கள். தாது + உப்பு. நெடில்தொடர்க் குற்றியலுகரம், உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். வடசொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பூந்தாது நம்முடையது. 'தா' என்னும் வேரிலிருந்து, தருவது தாது என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். விரிவாகப் பிறகு.

அரூர் சித்த மருத்துவர்:
ஐயா, எங்களுக்கு உடல் தாதுக்கள் 7. செந்நீரே அதில் ஒன்று. தாதுவுக்குள் தாதுவா? தவிர, 'தாது குறைந்துவிட்டது' என்று அச்சடித்து ஆண்கள் கையில் கொடுத்தால் முகாமுக்கு யார் வருவார்கள்? நேரே லேகியக் கடைதான்.

கிருஷ்ணகிரி செவிலியர்:
உப்பும் வேண்டாம். எங்களிடம் வருபவர்களுக்கு 'ரத்தத்துல உப்பு' என்றால் கிரியாட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. கிட்னி போச்சு என்று அழுதவர்களைத் தேற்றியிருக்கிறேன். ஆனால் 'ரத்தத்தில்' என்பதை விட்டுவிடாதீர்கள். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் 1 சதவீதம்கூட சீரத்தில் இல்லை. எல்லாம் எலும்பிலும் தசையிலும். சோதனையில் தெரிவது அந்தத் துளிதான். அப்புறம், 'குறைந்தால் பார்வை போகும்' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான்.

ஓசூரிலிருந்து:
மக்னீசியம் எதற்கு, வெளிமம் இருக்கும்போது? 'குருதி வெளிமத் தாழ்வு'. மூன்றே சொல்.

ஊத்தங்கரை தமிழாசிரியர்:
வெளிமம் நல்ல சொல். சேலத்தில் மேக்னசைட்டை, அதாவது மக்னீசியம் உள்ள கல்லை, வெள்ளைக்கல் என்பார்கள். வெண்மை, வெள்ளை, வெளிமம், ஒரே வேர் என்பது என் எண்ணம். 1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தானே, நம் கல்தான் அது.

அரூர் சித்த மருத்துவர்:
களி தின்கிற ஊரில் மக்னீசியம் எப்படிக் குறையும்? கேழ்வரகில்தான் நிறைய இருக்கிறதே.

கிருஷ்ணகிரி செவிலியர்:
சர்க்கரை எல்லை மீறிச் சிறுநீரில் இறங்கும்போது மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது ஐயா. அதற்காக இன்னொரு உருண்டை களி போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறும்.

பாலக்கோட்டிலிருந்து:
'வெளிமத் தாழ்வு' என்றதும் அம்மா, "மழை வருதுங்கிறாங்களா?" என்றார். பொதுச்சொல்லையே விட்டுவிடுகிறேன்: 'ரத்தத்தில் மக்னீசியம், துத்தநாகம் போன்றவற்றின் அளவு'. நீளம்தான். விழித்திரைக்கும் 'கண்ணின் பின்புறம் உள்ளது, புரை வேறு' என்று ஒரு வரி சேர்த்தாயிற்று.

கிருஷ்ணகிரி செவிலியர்:
சரி.

அரூர் சித்த மருத்துவர்:
சரி, வேறு வழியில்லை.

ஊத்தங்கரை தமிழாசிரியர்:
அது வாக்கியம், கலைச்சொல் அல்ல. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'தாது' பற்றிய கட்டுரை இணைப்பில், 11 பக்கம்.