தக்காளிக் காய்ச்சல்: எதிர்ப்புச் செல்லுக்குள்ளேயே கிருமி புகுந்துவிடுமா?

திருமங்கலத்து அப்பா:
பையனுக்கு மூன்று வயது. அங்கன்வாடியில் சில பிள்ளைகளுக்கு வந்து இப்போது இவனுக்கும் வந்துவிட்டது. உள்ளங்கை, உள்ளங்கால், புட்டமெல்லாம் சிவந்த கொப்புளம், வாய்க்குள் புண், கழுத்தில் நெறி வேறு கட்டியிருக்கிறது. எங்கம்மா அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகியாச்சு, வீட்டில் தாளிப்பு கூடக் கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டு, இது தக்காளிக் காய்ச்சல், என்டிரோவைரஸ் என்கிற குடல் வைரஸ் வகையால் வருவது, ஆன்டிபயாடிக் வேண்டாம், தானாகப் போய்விடும் என்றார். சரி என்று வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் நெட்டில் தேடினால், இந்தக் கிருமி நோய் எதிர்ப்புச் செல்லுக்குள்ளேயே புகுந்து உடம்பு முழுக்கப் பரவும் என்று போட்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் பிள்ளை எப்படித் தேறுவான்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் மைக்ரோபயாலஜி:
அண்ணே, படித்தது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது, அதனால் வயிற்று அமிலம் அதை ஒன்றும் செய்யாது. வாய் வழியாகப் போய் தொண்டையிலும் சிறுகுடலிலும் பெருகும். அந்த இரண்டு இடத்திலும்தான், தொண்டையில் டான்சில், சிறுகுடலில் பேயர் திட்டு என்று எதிர்ப்புச் செல்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து நிணநீர் முடிச்சு, அப்புறம் ரத்தம். உங்கள் பையனுக்கு நெறி கட்டியிருப்பது அந்த முடிச்சில் செல்கள் பெருகிச் சண்டை போடுவதால், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

செல்லுக்குள் எப்படிப் போகிறது என்றால், செல்லின் மேலே இருக்கிற ஏதாவது ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும், ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பிடிப்பு. போலியோவும் என்டிரோவைரஸ்தான், அது சிடி155 என்ற புரதத்தைப் பிடிக்கும். இந்த மாதிரிக் கொப்புளக் காய்ச்சலைத் தருகிற வகைகளில் ஒன்றான ஏ71க்கு 2009இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இரண்டு பிடிப்புகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று ஸ்கார்பி2, உடம்பில் பல வகைச் செல்களில் இருப்பது. இன்னொன்று பிஎஸ்ஜிஎல்1, வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி உருண்டு போகப் பயன்படுத்துகிற புரதம். நீங்கள் படித்தது இதைத்தான். ஏ71இலேயே எல்லாம் இதைப் பிடிப்பதில்லை, கிருமியின் வெளிப்புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பிடி விட்டுப்போகும்.

செல்லுக்குச் செல் பரவ இன்னொரு வழியும் உண்டு. இந்தக் கிருமிகள் செல்லை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும் என்றுதான் ரொம்ப காலம் பாடத்தில் இருந்தது. பல கிருமிகள் ஒரே கொழுப்புப் பைக்குள் சேர்ந்து, செல் உடையாமலேயே வெளியேறுவதை 2015இல் காட்டினார்கள். தனித்தனியாக வருவதைவிட இப்படி மொத்தமாக வந்தால் அடுத்த செல்லில் தொற்று சுலபமாகப் பிடிக்கிறது.

கே.கே.நகர் அம்மா:
அப்படியென்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிறது? எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வந்து போய்விட்டதே.

மேலூர் மைக்ரோபயாலஜி:
அக்கா, நல்ல கேள்வி. சில செல்கள் மாட்டிக்கொண்டாலும் படை மொத்தமும் விழுந்துவிடாது. காக்சாக்கி பி3 என்ற உறவுக்காரக் கிருமியை எலிக்குக் கொடுத்தால் அது ஆரம்பத்திலேயே பி செல் என்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களுக்குள் போய்விடுகிறது. அப்படியானால் பி செல்லே இல்லாத எலி தப்பிக்க வேண்டுமில்லையா? தப்பிக்கவில்லை, அதன் உடம்பைவிட்டுக் கிருமி போகவே இல்லை. ஏனென்றால் கிருமியைப் பிடித்து முடக்குகிற ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்வதும் அதே பி செல்தான். ரத்தத்தில் ஆன்டிபாடி வந்துவிட்டால் கிருமி நரம்பு வரைக்கும் போவது கஷ்டம். போலியோ ஊசி காப்பாற்றுவதும் இப்படித்தான். தடுப்பு மருந்து போடாத பிள்ளைகளில்கூட போலியோ தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, செல் கதை இருக்கட்டும், பிள்ளையைப் பாருங்கள். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான், அதுதான் முதல் ஆபத்து. காரமில்லாத மோர் சாதம், இளநீர், நுங்கு கிடைத்தால் நுங்கு, எதையும் ஆறவைத்துக் கொடுங்கள். ஜிகர்தண்டா கேட்டாலும் நல்ல கடையாகப் பார்த்து ரெண்டு வாய் கொடுக்கலாம், தப்பில்லை. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று உதறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வேப்பிலை இருக்கட்டும், பாட்டி மனசு ஏன் நோக வேண்டும். ஆனால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மேலே தம்பி சொன்ன மாதிரி கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் கிருமி வரும், கால் கழுவி விடுகிறவர் அப்படியே சமையலுக்குப் போகக் கூடாது. கொஞ்ச வாரம் கழித்து நகம் ஒன்றிரண்டு கழன்று வந்தாலும் பதறாதீர்கள், சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், புது நகம் தானாக முளைத்துவிடும்.