வீட்டிலிருந்து பார்த்த பாட்டு நாடகம், இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி: உங்களுடையதையும் எழுதுங்கோ

கொக்குவில்காரி:

போன கிழமையிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேணும் போல இருக்கு. வீட்டில் தொடங்கினால் "திரும்பவும் உதுவா" என்கிறார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

அக்காவின் மகள் கனடாவில் படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஃபிட்லர் ஆன் தி ரூஃப் மேடையேற்றினார்கள், இவளுக்குப் பால்காரனின் மனைவி வேஷம். யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் பின்வரிசையில் நின்று எடுத்த வீடியோவை அக்கா அனுப்பியிருந்தாள். கதை தெரியும்தானே. ரஷ்யாவில் 1905 அளவில் ஒரு யூதக் கிராமம், ஐந்து பெண் பிள்ளைகளோடு ஒரு பால்காரன், மூத்தவள்கள் தாங்களே மாப்பிள்ளை தேடிக்கொள்கிறார்கள், கடைசியில் மூன்று நாளுக்குள் ஊரை விட்டு எழும்பச் சொல்லிக் கட்டளை வருகிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்காது, பேத்தியைப் பார்க்கத்தான் வந்து இருந்தவர். பாதி நேரம் "பிள்ளை மெலிஞ்சு போனாள்", "உந்தச் சட்டை ஆர் தைச்சது" என்று நாட்டியம் பார்ப்பதுபோல ஒரு கதை. பாட்டு வந்தால் மட்டும் வாயை மூடுவார்.

கடைசியில் எல்லோரும் சாமான் கட்டுகிறார்கள். எங்கள் பிள்ளை ஒரு விளக்குமாற்றை எடுத்து வீட்டைக் கூட்டத் தொடங்குகிறாள். என்ன இந்த நேரத்தில் கூட்டுகிறாய் என்றால், ஊத்தை வீட்டை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை என்கிறாள். அவ்வளவுதான், கண் மூடித் திறக்க முடிந்துவிடும். நான் அதைத் தமிழில் சொல்லவும் இல்லை. அம்மா கதிரையில் நிமிர்ந்திருந்து, "ஓம், கூட்டத்தானே வேணும்" என்றார்.

அப்புறம் டிவியைப் பார்த்தபடியே 95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த இரவைச் சொன்னார். மழை, ரோட்டில் சனம், அப்பா சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கேற்றடியில் நின்று கத்துகிறார், இவர் உள்ளே குசினி நிலத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார். "அடுப்புச் சாம்பலையும் அள்ளிப்போட்டுத்தான் வந்தனான்." அந்த இரவு நானும் அங்கேதான் இருந்தேன், சின்னப் பிள்ளை, எனக்கு நினைவில் நிற்பது நாவற்குழிப் பாலத்தில் பட்ட நெரிசல் மட்டும்தான். இடப்பெயர்வைப் பற்றி எங்கள் வீட்டில் கதைக்காத நாளா? சாம்பல் அள்ளினதை ஏன் ஒருக்காலும் சொல்லவில்லை?

அழவில்லை, அதையும் சொல்ல வேணும். இரவு வடிவாகச் சாப்பிட்டுப் படுத்தார். அடுத்த நாள், "அந்தக் கூட்டுற இடத்தைப் போடு" என்றார். இப்போது பின்னேரத் தேத்தண்ணிக்கு அதுதான் ஓடுகிறது. அந்தச் சோகத்தை ஏன் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாய் என்று தம்பி என்னோடு சண்டை. எனக்கென்றால் அவருக்கு அது ஆறுதலாக இருக்கிறது என்றுதான் படுகிறது.

தட்டிவான்:

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று. பெரியப்பாவின் எட்டுச் செலவு முடிந்த இரவு, வீடு நிறையச் சொந்தம், ஒருவருக்கும் நித்திரை இல்லை. மச்சான் ஒருவன் யூடியூபில் எதையோ தேடப்போய் அரிச்சந்திரன் நாடகத்தின் சுடலைக் காட்சி, மயான காண்டம், வந்துவிட்டது. ஏதோ கோயில் திருவிழாவில் போனில் எடுத்தது, குறுக்கே நாய் ஓடுகிறது, ஆர்மோனியம் மட்டும்தான் தெளிவாகக் கேட்கிறது. சின்ன மாமி பாய்ந்து வந்தார், "செத்த வீட்டில உதைப் போடுவினமே, நிப்பாட்டடா!" பெரியம்மா சுவரோடு சாய்ந்து இருந்தவர், "கிடக்கட்டும்" என்றார். அவர் அன்று முழுக்க வாய் திறந்தது அதற்குத்தான்.

சந்திரமதி பிள்ளையின் பிணத்தோடு வருகிறாள், சுடலை காக்கிறவன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான், இவளிடம் ஒன்றும் இல்லை. பேரம் நடக்க நடக்க எங்களுக்கு மத்தியானம் ஐயருக்கும் பந்தல்காரருக்கும் கணக்குத் தீர்த்த ஞாபகம், இரண்டு பேர் சிரித்தும்விட்டோம். அப்புறம் கழுத்தில் தாலி இருக்குதே, அதை விற்றுக்கொண்டு வா என்கிறான். அது புருஷனுடைய கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்பது வரம். அப்போதுதான் நிற்பவன் யார் என்று இவளுக்கு விளங்குகிறது.

பெரியம்மாவின் கை வெறுங்கழுத்துக்குப் போனது. "அவனுக்கு மட்டும் தெரியுமாம்" என்று தனக்குத்தானே சொன்னார். அவர் அதை என்ன நினைத்துச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படுத்து விடியும்வரை நித்திரை கொண்டார். மாமி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, அது வேறு விஷயம்.

பழைய கொட்டகை:

தட்டிவான் தம்பி, நாய் ஓடுகிற வீடியோவை வைத்துக்கொண்டு மயான காண்டம் பார்த்தேன் என்று சொல்லாதேயும். அரிச்சந்திரனாக நடித்த எங்கள் நடிகமணி வி.வி. வைரமுத்துவை மேடையில் பார்த்தவன் நான். 1989இல் மனிசன் போய்விட்டார், அதற்குப் பிறகு எத்தனை அரிச்சந்திரன் வந்தாலும் எனக்கு அந்தக் குரல்தான். திரைக்குப் பின்னால் இருந்து பாட்டு முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். அந்த இடைவெளியில் கோயில் வீதி முழுக்க மூச்சுப் பேச்சில்லை, கச்சான் விற்கிறவன்கூட நிற்பான். நடுச்சாமம் தாண்டித்தான் சுடலைக் காட்சி, எங்களுக்கும் நித்திரை முறிந்த கண், மண்ணில் விரித்த பாய், பனி. நாடகம் ஏறுவது அப்படித்தான். போனில் என்றால் பாதியில் நிற்பாட்டிப்போட்டு மீன் வாங்கப் போகலாம், பிறகு வந்து பார்க்கலாம். அது நாடகமா?

தமிழ்நாட்டில் இசை நாடகங்கள் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் வழியாக வந்து, இங்கே நாடகம் பழக்குகிற அண்ணாவிமார் கைபட்டு வளர்ந்த சரக்கு இது. கனடாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கிலீஷில் பாடுவதை இதோடு ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கொக்குவில்காரியின் அம்மா அழாததில் எனக்குப் புதினம் இல்லை.

வெண்கட்டி:

ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கோயில் வீதியில் விடியும்வரை பாய் விரித்து இருந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? என்னுடைய அம்மம்மாவுக்கு முதலாவது பாட்டோடு வீட்டுக்குப் போக வேணும், விடிய எழும்பி அடுப்பு மூட்ட வேணும். நாடகத்தின் பின்பாதியை அவர் வேலிக்கு இங்காலே படுத்திருந்து ஒலிபெருக்கியில்தான் கேட்டவர். வீட்டிலிருந்து முழுசாகப் பார்க்கக் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம். மீன் வாங்கப் போவதும் நாங்கள்தான்.

என்னுடைய கதை 2020 ஊரடங்கு. சித்திரை மாதம், கேற் தாண்ட ஏலாது. பேண்டம் ஆஃப் தி ஓபரா என்ற இங்கிலீஷ் பாட்டு நாடகத்தை 48 மணித்தியாலம் இலவசமாக யூடியூபில் விட்டார்கள், 2011இல் லண்டன் றோயல் அல்பர்ட் மண்டபத்தில் 25ஆம் ஆண்டுக்காகப் போட்டது. கதையில் சரவிளக்கு விழுவதுதான் பேர்போன இடம், அதைப் பார்க்கத்தான் டேட்டாவை எல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். விழவே இல்லை! அந்த மண்டபத்தில் அதை விழுத்த வசதிப்படவில்லையாம், விளக்கு மேலேயே நின்று பொறி பறக்கிறது, சத்தம், ஆட்கள் அலறுகிறார்கள், முடிந்தது. நான் தனிய இருந்து சிரித்தேன். லண்டன்காரரே மத்தாப்புக் கொளுத்திச் சமாளிக்கிறார்கள் என்றால் நான் எதற்கு இவ்வளவு காலமும் பயந்தேன்?

ஏனென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக் காத்தவராயன் கூத்துப் போட வேணும் என்று எனக்குக் கனநாள் ஆசை, காத்தான் ஏறுகிற கழுமரத்தை நினைத்தே கைவிட்டிருந்தேன். எங்கள் மண்டபத்து மேடைப் பலகை ஒரு வாங்கு வைத்தாலே ஆடும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு உயரமான இரண்டு பெடியளை முதுகோடு முதுகு நிற்க வைத்துச் சிவப்புச் சேலையைச் சுற்றினேன், அதுதான் கழுமரம். காத்தான் ஏறும்போது அந்த இரண்டு பேரும் மெதுவாகக் குந்துகிறார்கள். மரம் இறங்க இறங்க அவன் உயருகிற மாதிரித் தெரியும். போட்டியில் "மரபுக்கு ஒவ்வாது" என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த வருஷமும் அதே சேலைதான்.

வயர்மணி:

எல்லோரும் கதையைச் சொல்கிறீர்கள், ஒருவரும் சத்தத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. என் அனுபவம் சின்னது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம், லப்டொப் பற்றரி சாகும்வரை லே மிசராப்ள் என்ற பாட்டு நாடகத்தின் 25ஆம் ஆண்டு இசை நிகழ்வு, 2010இல் எடுத்தது, பார்ப்பேன். நடிகர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையாக நின்று பாடுவார்கள், காட்சி மாற்றமே பெரிதாக இல்லை. கிழவன் நித்திரை கொள்கிற பெடியனைப் பார்த்து என்னை எடு, இவனை விடு என்று கடவுளிடம் கேட்கிற இடத்தில் பற்றரி போய்விட்டது. மற்றவர்கள் பெற்றோலுக்காக வரிசையில் காத்திருந்தார்கள், நான் கரண்ட் எப்போது வரும் என்று அந்தப் பாட்டின் மிச்சத்துக்காக.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். பாட்டு நாடகத்தை டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கம் அல்லது கீழ்ப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும், பாட்டு சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வரும். வீட்டில் பழைய செற் இருந்தால், அந்த இரண்டு பெட்டியோடு வரும் கசெற் செற், டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் இழுத்து அதன் பின்பக்கத்து சிவப்பு வெள்ளைத் துளைகளில் குத்தினாலே போதும், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பாஸைக் குறையுங்கோ. ஆர்மோனியமும் மனிசக் குரலும் நடுவில் இருக்கிற சத்தம், பாஸைக் கூட்டினால் மிருதங்கம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் சிலவற்றில் வாய் அசைந்த பிறகுதான் சத்தம் வரும், நாடகத்துக்கு அது அந்தரமாக இருக்கும், வயர்தான் நல்லது. ஓட ஓடப் பார்க்காமல் இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கோ, சுடலையில் சந்திரமதி வாய் திறக்க நடுவில் வட்டம் சுத்தினால் அதைவிடக் கொடுமை இல்லை. யன்னல் சேலைத்துணி, மெத்தை எல்லாம் எதிரொலியைக் குறைக்கும், சீமெந்து நில வீடுகளுக்கு ஒரு பாய் விரித்தாலே வித்தியாசம் தெரியும். கொக்குவில்காரி, பின்வரிசையில் எடுத்த வீடியோ என்றீர்களே, அதில் மண்டப இரைச்சல் இருக்கும், அதைக் குறைக்கிற இலவச மென்பொருள் இருக்கு. அம்மாவையும் ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கோ, ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மறதியின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

கொக்குவில்காரி:

வயர்மணி அண்ணை, அம்மாவுக்கு என்னுடைய ஓ.எல். றிசல்ட் பாடம் பாடமாக நினைவிருக்கு, வருகிற ஆட்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறதி வந்தால் நல்லது. இரைச்சலைக் குறைக்க மாட்டேன். விளக்குமாறு நிலத்தில் படுகிற சத்தம் அந்த இரைச்சலுக்குள்தான் கேட்கிறது.

பழைய கொட்டகை ஐயாவுக்கு: என்னுடைய அம்மா அழாததை வைத்து நாடகத்தை எடைபோட வேண்டாம். அவர் மயான காண்டம் பார்த்தும் அழுததில்லை, "உந்தக் காலத்தில கடன் வாங்கி இருக்கலாமே" என்று கேட்டவர்.

பழைய கொட்டகை:

கடன் வாங்கியிருந்தால் நாடகம் எங்கே, அரிச்சந்திரன் எங்கே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும்.

வெண்கட்டி டீச்சர் சொன்ன வேலிக் கதை சரிதான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் முதுகோடு முதுகு நிற்கிற கழுமரத்தை நானும் தள்ளியிருப்பேன், காத்தான் ஏறத்தான் வேணும், மரம் குந்தக்கூடாது.

வெண்கட்டி:

வந்து எங்கள் மேடையில் ஒருக்கால் ஏறிக் காட்டுங்கோ ஐயா.

டைனமோ:

இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாடகம் பார்த்ததில்லை, கேட்டோம், அதுவும் சைக்கிள் மிதித்து. 90க்குப் பிறகு சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, எல்லா வீட்டிலும் சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவை றேடியோவுக்கு இழுத்தார்கள்தானே. அப்பாவிடம் இசை நாடகக் கசெற் இருந்தது. இருண்ட பிறகு விறாந்தையில் அவர் சாய்மனைக் கதிரையில், நான் பெடலில். நான் களைத்தால் கசெற் இழுபடும், அரிச்சந்திரனின் குரல் தடித்து, சொல் சொல்லாக விழும். கோபத்தில் வேகமாகச் சுற்றினால் கீச்சுக் குரலில் சுடலை காப்பான், தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார், அது இன்னும் கொஞ்சம் மெதுவாக என்பதற்கு. பிள்ளையின் பிணத்தைக் கிடத்திச் சந்திரமதி பாடுகிற இடத்தில் எனக்கு எப்போதும் கால் உளையும், அவளுடைய அழுகை நீண்டுகொண்டே போகும். சந்தி தாண்டிக் கேட்கிற ஷெல் சத்தத்தை அது மூடவில்லைதான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

போன மாதம் அதே பகுதியை யூடியூபில் கண்டுபிடித்தேன், வடிவான பதிவு. எனக்குப் பொருந்தவே இல்லை, எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பாடுகிறார்கள். இப்போது வேகத்தை 0.75இல் வைத்துத்தான் கேட்கிறேன். மனிசி அறைக்கு வெளியே நின்று, உங்கட லப்டொப் பழுதாப் போச்சு என்கிறாள்.