"சமநாட்கோடு" – காய்ச்சல் பரவலை வரைய ஒரு சொல்

இந்தக் கலைச்சொல்லை நான் முன்மொழிந்தபோது டீச்சர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

> எல்லாவற்றுக்கும் "பரவல் வரைபடம்" போதாதா?

போதாது, டீச்சர். நோயாளி குடியிருக்கும் இடத்தில் புள்ளி வைப்பது ஒன்று. அதை "நோயாளர் புள்ளிப்படம்" எனலாம். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று பிரிவுக்குப் பிரிவு நிறம் தீட்டுவது "தாக்குவீதப் படம்". இரண்டிலும் தகராறு இல்லை. எங்கெங்கே என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று பார்த்து, ஒரே நாளுக்குரிய இடங்களை இணைக்கிறோமே, அந்தக் கோட்டுக்குத்தான் பெயர் இல்லை. சாதாரண தரத்தில் சமவுயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) படித்த பிள்ளைக்கு "சமநாட்கோடு" உடனே விளங்கும். "நேர வளையம்" வேண்டாம். மலையகத்தில் அது ஒருநாளும் வளையமாக விழாது.

> நாள் என்றால் எந்த நாள்?

அறிகுறி தொடங்கிய நாள். டிஸ்பென்சரிப் பதிவேட்டுத் தேதியை எடுத்தால் படம் கெட்டது. ஞாயிறு காய்ச்சல் கண்டவர், பேர் (அன்றைய கூலி) போய்விடுமே என்று திங்களும் மலைக்கு வேலைக்கு ஏறி, புதன்தான் மருந்துக்கு வருவார். இன்ஃபுளுவென்சா தொற்றி 1 முதல் 4 நாளுக்குள், பெரும்பாலும் 2 நாளில் வெளிப்படும். மூன்று நாள் பிசகினால், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போன ஒரு படியே காணாமல் போகும்.

> கண்டி நகருக்குச் சரி. தோட்டத்துக்கு?

அங்கே கோடே போடக்கூடாது என்பேன். நகரத்தில் வீடுகள் நெருக்கம். ஹட்டன் பக்கம் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் இடையில் ஆளில்லாத முகடு. மென்பொருள் நேர்தூரத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்பி, தேயிலைச் செடிக்கும் காய்ச்சல் தேதி குறித்துவிடும்! நோயோ பஸ் ஏறி டவுனுக்குப் போய், பள்ளிக்கூடம் வழியாக அடுத்த தோட்டத்துக்குள் நுழைகிறது. ஆகவே லயத் தொகுதியை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) அலகாக வைத்து, தேதிக்கேற்ப நிறம் தீட்டுவோம். அதற்குத் தனியாகத் "தொடக்கநாட்படம்". லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா (அறைக்கு அறை) புள்ளி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். யாருக்கு நோய் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும்.

> முதல் நோயாளி ஒருவர் போதுமா?

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்தவர் அங்கேயே தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம். வெளியூர் போகாத இன்னொருவருக்கு அதே லயத்தில் காய்ச்சல் தொடங்கிய நாளையே எடுக்கவேண்டும். வரையறையில் "உள்ளூர்த் தொற்றின் முதல் அறிகுறி நாள்" என்று திருத்துகிறேன். சொல் அப்படியே இருக்கட்டும்.